களம்பூர் கதை – 9: வீட்டுவரியில் பிறந்த பேரூராட்சி

ஆரணிக்கு ரயிலில் வருகிறவர் இறங்கும் இடம் களம்பூர். விழுப்புரம் – காட்பாடி தடத்தில் ‘ஆரணி ரோடு’ என்று பலகை மாட்டிய நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. பட்டுக்குப் பேர்போன ஆரணி அங்கிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். நிலையத்துக்குப் பக்கத்து ஊரின் பெயர் போய்விட்டாலும், களம்பூர் தன் பெயரை அரிசி மூட்டையில் மீட்டுக்கொண்டது. மளிகைக் கடையில் ‘களம்பூர் அரிசி இருக்கா?’ என்று கேட்டு வாங்குகிற வீடுகள் வெளியூர்களிலும் உண்டு.

ரயில் வந்த கதையையும் அரிசி ஆலைகள் பெருகிய கதையையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். ஊர் பெருத்தால் தெரு பெருக்க ஆள் வேண்டும், விளக்கு வேண்டும், குடிநீர் வேண்டும், இவற்றுக்கெல்லாம் கணக்கு எழுத ஒரு அலுவலகம் வேண்டும். அந்த அலுவலகம் வந்த வழியை இந்தப் பகுதியில் பார்ப்போம்.

ரசீதின் மூலம்

உள்ளாட்சி வரலாறு எழுதுகிறவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டில் தொடங்குவது நம் வழக்கம். பராந்தக சோழன் காலத்துக் குடவோலை பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இன்று பேரூராட்சி கவுன்டரில் கிழித்துக் கொடுக்கும் சொத்துவரி ரசீதுக்கும் அந்தக் கல்வெட்டுக்கும் நேரடி உறவு கிடையாது. ரசீதின் மூலத்தைத் தேடினால் 1871ஆம் ஆண்டின் சென்னை உள்ளூர் நிதிச் சட்டத்தில் போய் நிற்போம்.

1857க்குப் பிறகு ஆங்கில அரசின் கஜானா தட்டுப்பாட்டில் இருந்தது. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகிய செலவுகளை அந்தந்த வட்டாரமே தாங்கிக்கொள்ளட்டும் என்று 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு நிதிப் பரவலாக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. நிலத்தீர்வையோடு ரூபாய்க்கு ஓர் அணா வரை கூடுதல் செஸ் வாங்கலாம். சில கிராமங்களைச் சேர்த்து ‘யூனியன்’ ஆக்கி வீட்டுவரி போடலாம். வரியைத்தான் முதலில் யோசித்தார்கள். அதை வசூலித்துச் செலவழிக்க ஓர் அமைப்பு வேண்டுமே என்பதற்காகத்தான் ஊராட்சி வந்தது. அந்த வரிசை இன்றுவரை மாறவில்லை என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது.

ரிப்பன் பிரபு 1882 மே 18 அன்று வெளியிட்ட தீர்மானம் தொனியை மாற்றியது. மக்களுக்கு அரசியல் பயிற்சி தரும் களமாக உள்ளாட்சி இருக்க வேண்டும் என்றார் அவர். அதன் விளைவாக 1884இல் சென்னையில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று நகரங்களுக்கான மாவட்ட நகராட்சிகள் சட்டம், மற்றொன்று மீதி ஊர்களுக்கான உள்ளாட்சிக் கழகங்கள் சட்டம். இரண்டாவது சட்டம் மூன்று அடுக்குகளை வைத்தது: ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அடியில் யூனியன் பஞ்சாயத்து. யூனியனில் அந்தந்தக் கிராமத்து முன்சீப்புகள் பதவி வழியாகவே உறுப்பினர்கள். ஜில்லா போர்டுக்குத் தலைவர் கலெக்டர். வடாற்காட்டின் தலைநகர் அப்போது சித்தூர்; 1911இல் சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்த பிறகுதான் வேலூருக்கு அந்தத் தகுதி வந்தது. ஆரணி, போளூர் வட்டாரத்தில் ஒரு பாலம் வேண்டுமென்றால் மனு அந்தத் தலைநகருக்குப் போக வேண்டும். ரிப்பன் எழுதிய அரசியல் பயிற்சி, முன்சீப்பும் கலெக்டரும் உட்கார்ந்த நாற்காலிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

1920இல் சட்டங்கள் திருத்தி எழுதப்பட்டன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை கூடியது, கலெக்டர்கள் விலகினார்கள். ஆனாலும் வாக்கு வரி கட்டுகிறவருக்கே. நில உரிமையும் வீட்டு உரிமையும் இல்லாத கூலி நெசவாளிக்கும் அறுப்புக்குப் போகும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. தாலுகா போர்டுகள் 1934இல் கலைக்கப்பட்டன. வயது வந்த எல்லோருக்கும் ஊராட்சித் தேர்தலில் வாக்கு கிடைக்க விடுதலையும் 1950ஆம் ஆண்டுச் சட்டமும் வர வேண்டியிருந்தது.

ஐயாயிரம் பேர், பத்தாயிரம் ரூபாய்

பேரூராட்சி என்ற வகையைக் களம்பூர் போன்ற ஊர்களுக்குத் தந்தது காமராசர் ஆட்சியில் வந்த 1958ஆம் ஆண்டு சென்னைப் பஞ்சாயத்துகள் சட்டம். மக்கள்தொகை 5,000க்குக் குறையாமலும் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறையாமலும் இருந்தால் அது நகரப் பஞ்சாயத்து. இல்லையென்றால் கிராமப் பஞ்சாயத்து. ஜில்லா போர்டுகளை எடுத்துவிட்டு, வளர்ச்சி வட்டாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பஞ்சாயத்து யூனியன் வந்தது. ஊரின் தகுதியை அளக்கத் தலைக்கணக்கும் வருமானக் கணக்கும் போதும் என்று சட்டம் முடிவு செய்தது.

அந்த வருமானம் வந்த வழிகளைப் பழைய பஞ்சாயத்துக் கணக்குகளைப் புரட்டிய யாரும் அறிவார்கள். வீட்டுவரி, தொழில்வரி, வண்டிவரி. சந்தை ஏலம், வண்டிப்பேட்டைக் குத்தகை, ஏரி மீன்பாசி ஏலம், சாலையோரப் புளியமர மகசூல் ஏலம். புளி நன்றாகக் காய்த்த ஆண்டில் தெருவிளக்கும் கொஞ்சம் கூடும். நெல்லும் அரிசியும் ஏறி இறங்கும் ஊர் என்பதால் வண்டியும் சந்தையும் இந்தப் பகுதிக்குப் பெரிய பலம்.

1981இல் பேரூராட்சிகளுக்கென்று தனி இயக்ககம் வந்தது. அன்று முதல் களம்பூர் அலுவலகத்தின் மேலதிகாரி ஊரக வளர்ச்சித் துறை இல்லை. மண்டல உதவி இயக்குநர், அவருக்கு மேல் சென்னையில் இயக்குநர் என்று வரிசை தனியாகப் போயிற்று. தரவரிசையும் வருமானத்தை வைத்தே வந்தது: ஆண்டுக்கு 4 லட்சத்திலிருந்து 8 லட்சம் வரை இரண்டாம் நிலை, 16 லட்சம் வரை முதல் நிலை, 20 லட்சம் வரை தேர்வு நிலை, அதற்கு மேல் சிறப்பு நிலை. நிலை ஏறினால் அலுவலகத்தில் பணியிடங்கள் கூடும். ஊருக்கு எத்தனை துப்புரவுப் பணியாளர் வேண்டும் என்பதைக் குப்பையின் அளவோடு சேர்த்து வருமானத்தின் அளவும் தீர்மானித்தது.

நகரமா, கிராமமா?

அரசமைப்புச் சட்டத்தின் 73, 74ஆம் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்தன. கிராமத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் ஊர்களுக்கும் இரண்டாவது திருத்தம் ஓர் இடம் ஒதுக்கியது. தமிழ்நாடு தன் பேரூராட்சிகளை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்து, 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டத்தின் கீழ் சேர்த்தது. 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற விதியோடு நடந்த முதல் தேர்தல் அது. 2016இல் அந்தப் பங்கு பாதியாக உயர்ந்தது.

ஊர் நகரமாகிவிட்டதென்று நினைத்த நேரத்தில், 2004இல் ஓர் அரசாணை வந்தது. அப்போது மாநிலத்தில் பேரூராட்சிகள் 611. அவற்றில் 30,000 பேருக்கு மேல் வாழும் 50 ஊர்கள் மூன்றாம் நிலை நகராட்சிகள் ஆயின. மீதி 561 ஊர்களும் ‘சிறப்புச் சிற்றூராட்சி’ ஆகிவிட்டன. 30,000க்கு மிகக் குறைவான மக்கள் வாழ்ந்த களம்பூரும் அந்தக் கணக்கில் கிராமமாகிவிட்டது. கிராமம் என்று எழுதினால் மத்திய அரசின் ஊரக நிதி கிடைக்கும் என்பது அதற்குச் சொன்ன காரணம். இரண்டே ஆண்டுகளில் ஆட்சி மாறியது. 2006 ஜூலையில் அதே 561 ஊர்களும் மறுபடி பேரூராட்சிகள். ஆலைச் சங்கும் தறியும் அந்த இரண்டு ஆண்டும் வழக்கம்போல ஒலித்தன. ஊருக்குள் ஒரு கல் இடம் மாறவில்லை. சென்னையில் ஒரு கோப்பு போய் வந்ததில் களம்பூர் கிராமமாகி மீண்டும் நகரமானது.

இதைச் சும்மா பெயர் மாற்றம் என்று தள்ளிவிட முடியாது. 2005இல் வந்த நூறு நாள் வேலைத் திட்டம் கிராமங்களுக்கு மட்டும். பேரூராட்சி எல்லைக்கு வெளியே ஒரு வரப்பு தாண்டி வீடு இருந்தால் வேலை அட்டை உண்டு. இந்தப் பக்கம் இருந்தால் இல்லை. 2024 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு அரசு 13 புதிய நகராட்சிகளையும் 25 புதிய பேரூராட்சிகளையும் அறிவித்தபோது, நகரத்தோடு சேர்க்க வேண்டாம் என்று பல கிராமங்கள் போராடியதற்கு வேலை அட்டையும் வரி உயர்வுமே முதல் காரணங்கள்.

தலைவர் இல்லாத ஆண்டுகள்

இந்த வரலாற்றில் அடிக்கடி மறந்துபோகும் ஒரு அத்தியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 1970க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் நடந்தது 1986இல். அந்த மன்றங்களின் காலம் 1991இல் முடிந்தது. அடுத்த தேர்தலுக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நகர்ப்புற அமைப்புகளுக்கு மறுபடி வாக்குப்பதிவு நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. மாநிலத்தின் 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளோடு திருவண்ணாமலை மாவட்டத்தின் பத்து பேரூராட்சிகளும் தேர்தலைச் சந்தித்தன. செங்கம், சேத்துப்பட்டு, தேசூர், கண்ணமங்கலம், கீழ்பென்னாத்தூர், பெரணமல்லூர், போளூர், புதுப்பாளையம், வேட்டவலம் ஆகியவற்றோடு களம்பூரும் அதில் ஒன்று.

1986க்கும் 2022க்கும் இடையிலான 36 ஆண்டுகளில் பத்து ஆண்டுக்கும் மேலாக ஊரில் மன்றமே இல்லை. மன்றத்தின் இடத்தில் அரசு அமர்த்திய தனி அலுவலர் தாமே தீர்மானம் எழுதி, தாமே நிறைவேற்றி, தாமே செலவு செய்தார். தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதும் தேர்தலுக்குத் தேர்தல் மாறியது. 1996, 2001, 2011இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006லும் 2022லும் வார்டு உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். நேரடித் தேர்தலில் வென்றவருக்கு மன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல் போகலாம். மறைமுகத் தேர்தலில் வாக்காளருக்குத் தலைவர் மேல் பிடி இல்லாமல் போகலாம். இரண்டில் எது நல்லது என்று ஊரை யாரும் கேட்டதில்லை.

அலுவலகத்தின் உள்ளே

பேரூராட்சி அலுவலகத்தில் எல்லாம் ஒரே ஒரு பதிவேட்டைச் சுற்றியே நடக்கும். அதற்குக் கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்திகள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஓர் அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. மார்ச் கடைசியில் செயல் அலுவலர் மேசையில் தொலைபேசி ஓயாது: ‘வசூல் எத்தனை சதவீதம்?’ மேலிடத்திலிருந்து தினமும் கேட்பது அந்த ஒரு கேள்விதான். வரித்தண்டலர் வெயிலில் வார்டு வார்டாக அலைவார்.

இந்தச் செயல் அலுவலரை ஊர் மக்கள் ‘ஈ.ஓ.’ என்பார்கள். அவர் அரசு ஊழியர். மன்றம் அவரை நியமிக்க முடியாது, மாற்றவும் முடியாது. மாதம் ஒருமுறை மன்றம் கூடும். அஜெண்டாவில் ஒவ்வொரு பொருளும் ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்’ என்று முடியும். உறுப்பினர்கள் கேள்வி கேட்பார்கள், சில சமயம் வெளிநடப்பு செய்வார்கள், கடைசியில் தீர்மானம் நிறைவேறும். நியமனக் குழு, வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று குழுக்கள் உண்டு. வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறவர் அந்த மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். அப்படி ஒரு குழு இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது.

வருமானம் இப்போது சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், பத்திரப் பதிவில் வரும் கூடுதல் தீர்வையின் பங்கு. தொழில்வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கக்கூடாதென்று அரசமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. இவை போதாது. மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து நிதிக்குழு ஒதுக்கும் 10 விழுக்காட்டில் உள்ளாட்சிகளுக்கு வரும் பங்குதான் சிறிய பேரூராட்சியின் சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் தாங்குகிறது.

2022இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 4 அன்று தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஏப்ரல் முதல் நாளிலிருந்து சொத்துவரி உயர்வு: 600 சதுர அடிக்குள் 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அரையாண்டுக்கு 400 ரூபாய் கட்டிய சின்ன ஓட்டு வீட்டுக்கு 500 ஆகும். 2,000 சதுர அடி வீட்டுக்கு 1,000 ரூபாய் இருந்தால் 2,000 ஆகும். இந்தக் கணக்கைப் போட்டது எந்த ஊரின் மன்றமும் இல்லை. ஊர் மன்றங்களின் வேலை தீர்மானம் போட்டு ஏற்பது. வார்டில் வசை வாங்கியதோ ஒரு மாதத்துக்கு முன் வாக்குக் கேட்டு வந்த உறுப்பினர்தான்.

யாருடைய தெரு?

நெசவாளர் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். நீண்ட பட்டு நூலைத் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டி, இழை பிரித்துச் சீர் செய்வார்கள். அவர்களுக்குத் தெரு பாதி தொழிற்கூடம். அங்கே கான்கிரீட் போடும்போது கழிவுநீர் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடும், மின்கம்பம் எங்கே நிற்கும், வண்டி எத்தனை மணிக்கு வரலாம் என்பதெல்லாம் அவர்கள் தொழிலைத் தொடும் கேள்விகள். அந்தத் தெரு பேரூராட்சியுடையது. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் ஊருக்குள்ளேயே கிடைக்கும்.

ஆலைப் பக்கம் போனால் நிலைமை வேறு. நெல் ஊறவைத்த தண்ணீர் வெளியே வரும், புகைபோக்கியிலிருந்து உமிச்சாம்பல் பறக்கும், லாரிகள் வரிசையில் நிற்கும். ஆலைக்குத் தொழில் உரிமம் தருவது பேரூராட்சி. புகைக்கும் கழிவுநீருக்கும் அனுமதி தருவது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஊரை ஊடுருவிப் போகும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. பட்டா தாசில்தாரிடம், மின்சாரம் வாரியத்திடம், தண்டவாளம் ரயில்வேயிடம். துணி காயப்போட்டால் சாம்பல் படிகிறது என்று ஓர் அம்மா கவுன்சிலரிடம் சொன்னால், அவர் எழுதிக் கொடுக்க வேண்டிய மனுக்கள் மூன்று அலுவலகங்களுக்கு. வார்டுக்காரர் கண்ணுக்கு அவர் ஒருவர்தான் தெரிவார். சட்டத்தின் கண்ணுக்கு அவர் கையில் இருப்பது குடிநீர், விளக்கு, சாக்கடை, குப்பை, உள்தெரு ஆகிய ஐந்து.

அந்த ஐந்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வீட்டு வாசலில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கும் பேட்டரி வண்டியும், ஊர் எல்லையில் உரம் தயாராகும் வளம் மீட்புப் பூங்காவும் 1884இன் யூனியனால் கனவு காண முடியாதவை. ஒரு நாள் தூய்மைப் பணியாளர்கள் வராவிட்டால் ஊர் நாறும். ஒரு மாதம் அமைச்சர் வராவிட்டால் ஊருக்கு ஒன்றும் ஆகாது.

அண்டை மாநிலமான கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக உள்ளாட்சிகளிடம் கொடுத்து, எதற்குச் செலவழிக்கலாம் என்பதை வார்டு அளவில் கூடிப் பேச வைத்தது. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளுக்குக் கிராம சபை இருந்தது. ஆனால் நகரமாகிவிட்ட ஊர்களுக்கு, அந்த வகையில் களம்பூருக்கும், ஊர் கூடிக் கேள்வி கேட்கச் சட்டப்படி ஒரு மேடை நெடுங்காலம் இல்லை. கிராமமாக இருந்தால் கேள்வி கேட்கலாம், நகரமானால் வரி மட்டும் கட்டலாம் என்ற விசித்திரம் 2022 வரை நீடித்தது. அந்த ஆண்டு வகுத்த விதிகளின்படி வார்டுகளுக்குள் பகுதி சபாக்கள் வந்தன. உள்ளாட்சி நாளான நவம்பர் 1 அன்று முதல் கூட்டங்கள் நடந்தன. 1998இல் நிறைவேறிக் கிடப்பில் போடப்பட்டிருந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டமும் 2023 ஏப்ரல் 13 அன்று நடைமுறைக்கு வந்து, நூற்றாண்டு கண்ட 1920ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விடைகொடுத்தது.

வரியில் பிறந்த அமைப்பை ஊரின் அமைப்பாக மாற்ற நம் கையில் இப்போது இருக்கும் கருவி அந்தப் பகுதி சபாதான். அடுத்த கூட்டம் எப்போது என்று அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது ஒரு கேள்வியாவது எடுத்துச் செல்லுங்கள்: நம் வார்டின் கேட்பு எவ்வளவு, வசூல் எவ்வளவு, அதில் நம் தெருவுக்குத் திரும்பி வந்தது எவ்வளவு? பதிலை எழுதி வாங்குங்கள். வரி கட்டியவருக்கு அந்தக் கணக்கைக் கேட்க முழு உரிமை உண்டு.

(தொடரும்)